நாவல் பக்கமும் மைதானத்துக் கிணறும்

எழுத்து எனக்கு ஒழுங்காக வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு என் பெயரைத் தவிர வேறெதுவும் நான் அதிகம் எழுதியதில்லை. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னே நடந்ததைப் பின்னே எழுதியிருந்தால் கோபிக்காமல் வாசியுங்கள்.

கோப்பாய்ப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் சிற்றூழியராக இருந்து ஓய்வு பெற்றவள். அங்கே புதிதாக வந்திருக்கும் விளையாட்டு ஆசிரியர் போன கிழமை தொலைபேசியில் கதைத்தார். இனி பிள்ளைகளை இல்லம் இல்லமாகப் பிரித்து நடத்தும் விளையாட்டுப் போட்டியில் மரம் வளர்ப்புக்கும் புள்ளி போடப் போகிறார்களாம்.

"உங்கடை காலத்திலை உது முந்தியே நடந்ததாம் எண்டு சொல்லுகினம். எப்பிடி நடந்தது எண்டு ஒருக்கா எழுதித் தாங்கோ அம்மா. போட்டி மலரிலை போடுவம்" என்றார்.

"எனக்கு எழுதத் தெரியாது தம்பி" என்றேன்.

"கதைக்கிற மாதிரி எழுதுங்கோ" என்றார். கதைக்கவும் எனக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரியவில்லை. என்னைப் பிரிவுபசாரத்துக்கு மேடையில் ஏற்றியபோது நான் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு அப்படியே இறங்கியவள். ஆனாலும் அந்த மரங்களின் கதை என்னோடு போய்விடக் கூடாது என்று ஒரு எண்ணம். அதனால் எழுதுகிறேன்.

இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது என் மனிசனும் இல்லை, வீட்டுக்குக் கூரையும் இல்லை. அப்போதிருந்த அதிபர் ஐயா இரங்கி இந்த வேலையை எடுத்துத் தந்தார். மணி அடிக்க, வகுப்புக் கூட்ட, ஆசிரியர்களுக்குத் தேநீர் வைக்கப் பழகினேன். அவ்வளவுதான் என் பயிற்சி. பல வருஷம் அப்படியே போனது. விளையாட்டுப் பாடத்துக்குக் கமலேஸ் ரீச்சர் மாற்றலாகி வந்தபின்தான் எனக்கு மைதானத்து வேலை வந்தது.

ரீச்சர் மெலிந்த, உயரமான ஆள். சேலைக்குக் கீழே வெள்ளைக் கன்வஸ் சப்பாத்துப் போடுவா. விசில் கழுத்தில் தொங்காது, இடுப்பில் செருகியிருக்கும். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும். ரீச்சருக்கு இறங்கும். பிள்ளைகள் பக்கத்தில் வந்து காதைக் கொடுத்துத்தான் ஏச்சு வாங்க வேண்டும். "ரீச்சர் மெல்லமாக் கதைக்கிறா, ஓடுங்கோடி" என்று பெட்டைகள் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஓடுபாதைக் கோடு போடுவது ரீச்சரும் நானும்தான். வளைவுக்கு நடுவில் ஒரு முளை அடிப்பா. அதில் கயிற்றைக் கட்டி மற்ற நுனியை நான் பிடித்துக்கொண்டு சுற்றி நடக்க வேண்டும். கயிறு தொய்யவும் கூடாது, இழுபடவும் கூடாது. அடியில் ஓட்டை போட்ட பால்மாப் பேணியில் சுண்ணாம்புத் தூளை நிரப்பித் தட்டித் தட்டிக்கொண்டு நடப்பேன். காற்று எழும்ப முந்தி, விடியவே முடித்துவிட வேண்டும். ஒருமுறை நான் கயிற்றைத் தொய்ய விட்டு வளைவு நெளிந்துபோனது. ரீச்சர் ஏசவில்லை. "அக்கா, இந்த இடத்திலை ஓடுற பிள்ளை ஒரு அடி கூடுதலா ஓட வேண்டி வரும். பாவமெல்லே" என்று சொல்லிச் சப்பாத்தால் கோட்டை அழித்தா. திரும்பவும் போட்டோம். ஒரு அடிக்காக ஒரு கோட்டை அழிக்கிற ஆளை நான் அதற்கு முன்னே கண்டதில்லை.

மரக்கதை இல்ல அலங்காரத்தில் தொடங்கியது. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் விளையாட்டுப் போட்டி என்றால் ஒவ்வொரு இல்லமும் மைதானக் கரையில் ஒரு கொட்டில் போட்டுச் சோடிக்கும். யாருடைய சோடினை வடிவோ அவர்களுக்குப் புள்ளி. எங்களுக்கு முல்லை, மருதம், நெய்தல் என்று மூன்று இல்லங்கள். பிள்ளைகள் வேலி வேலியாகப் போய்ப் பூவரசு, வேம்பு என்று கொப்புக் கொப்பாக வெட்டுவார்கள். குலையோடு வாழை வரும், தென்னங்குருத்து வரும். அடுத்த நாள் எல்லாம் வாடி மைதானத்தில் மலைபோலக் கிடக்கும். கூட்டி எரிப்பது நான்.

அப்படி ஒருநாள் நான் எரித்துக்கொண்டு நிற்க ரீச்சர் பக்கத்தில் வந்து நின்றா.

"அக்கா, இதுக்குத்தானே நான் நேற்றுப் புள்ளி போட்டனான்?"

"ஓம் ரீச்சர்."

"நாளைக்கு வெய்யிலுக்குள்ளை ஓடுற பிள்ளை ஒதுங்கி நிக்க மைதானத்திலை ஒரு நிழலும் இல்லை. நான் நிழலை வெட்டிக்கொண்டு வாறதுக்குப் புள்ளி போடுறன்."

அது உண்மை. எங்கள் மைதானக் கரையில் முந்தி நின்ற பனைகள் எல்லாம் சண்டைக் காலத்தில் பங்கருக்கு, பதுங்குகுழிக்கு என்று தறிபட்டுப் போனவை. மிச்சம் வெறும் வெய்யில்.

அதிபரோடு எப்படிக் கதைத்தா என்று எனக்குத் தெரியாது. அலங்காரப் புள்ளி நின்றுபோனது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு இல்லத்துக்கும் மைதானத்தில் ஒரு பக்கம். நாலாவது பக்கம் பள்ளிக்கூடக் கட்டிடம். நட்ட உடனே புள்ளி இல்லை. வெய்யிலோடு வருகிற ஒரு சோளகக் காற்றுக் காலம் தாண்டி, அடுத்த போட்டியன்று உயிரோடு நிற்கிற கன்றுக்குத்தான் புள்ளி. முல்லை வேம்பு என்றது, மருதம் புங்கு என்றது. நெய்தல் இல்லத் தலைவி வினோதா, நன்றாக ஓடக்கூடிய பெட்டை. "நாங்கள் நாவல்" என்றாள்.

"நாவலுக்குத் தண்ணி கனக்க வேணும் பிள்ளை" என்றா ரீச்சர்.

"ஓடி முடிச்சிட்டுப் பழம் தின்னலாம் ரீச்சர். வேம்பிலை என்னத்தைத் தின்னுறது, வேப்பங்காயோ?"

முல்லைப் பெட்டைகள் கூக்காட்டினார்கள். ரீச்சர் சிரித்துவிட்டுச் சரி என்றா.

கிடங்கு வெட்டினதே ஒரு பயிற்சியாக நடந்தது. கொஞ்சம் தோண்ட முந்தியே சுண்ணாம்புக்கல்லு வந்துவிடும். அலவாங்கால் இடித்துக் கல்லுக் கிளப்ப வேண்டும். குண்டு எறிகிற பெட்டைகளுக்கு அலவாங்கு, ஓடுகிற பெட்டைகளுக்கு மண் சுமப்பு. தோட்டக்காரர் குழை தாழ்க்கிற மாதிரி, கிடங்குக்குள் பூவரசங்குழையும் எருவும் செம்மண்ணும் அடுக்கடுக்காகப் போட்டு மூடிவிட்டோம். மழை விழுந்து குழை உக்கினபிறகுதான் கன்று வைத்தோம். ஆடு கடிக்காமல் சுற்றிக் காவோலை, அதுதான் காய்ந்த பனையோலை, கட்டினோம்.

பின்னேரப் பயிற்சியில் முதல் சுற்று ஓட்டம் இல்லை, நடை. ஒவ்வொரு பிள்ளையும் தன் கன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து ரீச்சரிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

"இண்டைக்கு என்ன கண்டனி?"

"முசுறு எறும்பு ரீச்சர். கடிச்சுப் போட்டுது."

"நீ?"

"புதுக் குருத்து ரீச்சர், சிவப்பு."

"நீ?"

"ஒண்டும் காணேல்லை ரீச்சர்."

"அப்ப திரும்பப் போய்ப் பார்."

ரொபி இனிப்புச் சுற்றின தாளை நிலத்தில் போட்ட பிள்ளை அதைக் கையில் பொத்திக்கொண்டு ஒரு சுற்று ஓட வேண்டும். கொஞ்ச நாளில் என் விளக்குமாற்றுக்கு மைதானத்தில் வேலை இல்லாமல் போனது.

மழைக்காலம் நன்றாகப் போனது. பிறகு வெய்யில் ஏறியது. சோளகம் எழும்பியது. அந்தக் காற்று மண்ணில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். எங்கள் பிள்ளைகள் போட்டிக்குப் பழகினவர்கள். முல்லை காலையில் தண்ணீர் விட்டால் மருதம் காலையும் மாலையும் விட்டது. நெய்தல் மத்தியானமும் விட்டது. "உங்கடை மரமோ உது? பல்லுக் குத்துற குச்சி!" என்று ஒரு பக்கம் கத்த, "உங்கடை வேம்புக்குச் சளி பிடிச்சிட்டுது, ஒத்தடம் குடுங்கோ" என்று மறுபக்கம் கத்தும். வாளியால் அள்ளிக் கை நோக, ஒரு தகப்பன் இறைப்பு மிசின் கொண்டுவந்து மைதானத்துக் கிணற்றில் வைத்தார். அடுத்த கிழமை மற்ற இரண்டு இல்லத்துக்கும் மிசின் வந்தது. பின்னேரம் முழுக்க இரைச்சல். கன்றுகளின் அடியில் தண்ணீர் குளமாக நின்றது. அதைப் பார்க்க எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான்.

ஆடி மாதம் என்று நினைக்கிறேன். ஓடிக் களைத்து வந்த பெட்டைகள் கிணற்றடியில் தண்ணீர் குடித்தார்கள். வினோதா முதல் வாயைத் துப்பினாள்.

"ரீச்சர், தண்ணி கரிக்குது!"

ரீச்சர் கையில் ஏந்தி ஒரு வாய் எடுத்தா. விழுங்கவில்லை. அப்படியே கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றா.

அடுத்த நாள் காலை வேலிக்கு அந்தப் பக்கம் வெங்காயம் வைத்திருந்த கந்தையா அண்ணை வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்தார். கையில் ஒரு பிடி வெங்காயத் தாள், நுனி எல்லாம் கருகியிருந்தது.

"ரீச்சர், நீங்கள் பிள்ளையளை மரம் நடச் சொன்னியளோ, கடலைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னியளோ?"

ரீச்சர் அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தா.

"உந்தக் கிணத்து ஊத்தும் என்ரை கிணத்து ஊத்தும் ஒண்டு. நல்ல தண்ணி மேலை கிடக்கு, உவர் கீழை கிடக்கு. மேலை கிடக்கிறதை மிசின் போட்டு உறிஞ்சினால் கீழை கிடக்கிறது வராமல் என்ன செய்யும்? கிழக்காலை பார்த்தனீங்களோ, உப்புத் தண்ணி ஏறுற தரவை எவ்வளவு கிட்ட எண்டு?"

"தெரிஞ்சிருக்க வேணும் அண்ணை. யோசிக்கேல்லை" என்றா ரீச்சர். குரல் மிகவும் இறங்கியிருந்தது. அது தன்மேல் வந்த கோபம்.

அதிபர் அன்றே உத்தரவு போட்டார். அந்தக் கிணற்றிலிருந்து கன்றுகளுக்கு ஒரு வாளியும் அள்ளக் கூடாது. பிள்ளைகள் குடிக்கவே இனி வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். மழை வரைக்கும் கிணறு ஆற வேண்டும். அப்போதும் கரித்தால் பள்ளிக்கூடத்துக்கே குடிதண்ணீர் இல்லை. மரத்துக்குப் புள்ளி போடுகிற கதையும் அதோடு சரி என்று சொல்லிவிட்டார்.

ரீச்சர் இரண்டு வேலை செய்தா. முதலில், கன்றுகளைச் சுற்றித் தேங்காய்ப் பொச்சு மட்டையும் காவோலையும் பரப்பி நிலத்தை மூடுவித்தா. இரண்டாவது, தோட்டப் பக்கம் தள்ளி, நல்ல கிணறு உள்ள வீட்டுப் பிள்ளைகளை ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவரச் சொன்னா. வெறுமனே ஊற்ற விடவில்லை. அஞ்சலோட்டத்தில் கோலுக்குப் பதில் அந்தப் போத்தல், மூடி இல்லாமல். ஓட வேண்டும், கை மாற்ற வேண்டும், ஒரு சொட்டும் சிந்தப்படாது. கடைசியாக வாங்குகிற பிள்ளை கன்றின் அடியில் ஊற்றும். சிந்தின பிள்ளையை மற்றவர்கள் பார்க்கிற பார்வை! அந்த ஓட்டத்தில் ஒரு சத்தமும் இருக்காது. எல்லாக் கண்ணும் போத்தலில் இருக்கும். இப்போதும் கண்ணை மூடினால் அந்த வெய்யிலும் அந்த நடுங்குகிற தண்ணீரும்தான் எனக்குத் தெரிகிறது.

ஆனாலும் அந்தத் தண்ணீர் போதவில்லை. ஆவணி விடுமுறை வந்து பிள்ளைகளும் குறைந்தார்கள். இலைகள் சுருண்டுகொண்டு வந்தன. ஒருநாள் ரீச்சர் மூன்று தலைவிகளையும் கிணற்றடிக்குக் கூப்பிட்டா. நான் பக்கத்தில் சருகு கூட்டிக்கொண்டு நின்றேன்.

"மூண்டு பக்கத்துக்கும் பிரிச்சால் மூண்டும் பட்டுப்போகும். ஒரு பக்கத்தை விட்டால் மற்ற ரண்டும் தப்பும். நான் சொல்லமாட்டன். நீங்கள் சொல்லுங்கோ" என்றா.

முல்லைத் தலைவி நிலத்தைப் பார்த்தாள். மருதத் தலைவி நாவல் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பினாள். எது அதிகம் தண்ணீர் குடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

வினோதா கேட்டாள். "விட்டால் எங்களுக்குப் புள்ளி போகுமோ ரீச்சர்?"

"ஓம். போகும்."

"அரைவாசியாவது...?"

"உயிரோடை நிக்கிறதுக்குத்தான் புள்ளி எண்டு சொன்னனான்."

அவள் கிணற்றுக் கட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றாள். பிறகு மற்ற இருவரையும் பார்த்துச் சொன்னாள். "எங்கடையை விடுறம். எங்கடை போத்தலையும் நீங்களே எடுங்கோ. ஆனால் உங்கடை ஒண்டாவது பட்டுதெண்டால், பிறகு என்னட்டை வாங்கிக் கட்டுவியள்!"

போட்டியில் முதலாவதாக வரும் இல்லத்துக்குக் கொடுக்கிற கேடயத்தை நெய்தல் இல்லம் அதுவரை எடுத்ததே இல்லை. அந்த வருஷம் வினோதாவின் ஓட்டத்தால் அது கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கொஞ்ச நாள் போக, ஒரு மத்தியானம் வினோதாவின் தகப்பன் சைக்கிள் கரியரில் மிசினைக் கட்டிக்கொண்டு வந்தார். விடுமுறை, மைதானத்தில் நானும் அவளும்தான். அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு அரை மணித்தியாலம். நாவல் எல்லாம் வாடுது. பிள்ளை ராவிலை சாப்பிடுறாள் இல்லை" என்றார் என்னிடம்.

ஆட்களை மறித்துக் கதைத்து எனக்குப் பழக்கம் இல்லை. அவர் குழாயை விரித்து முடிய முந்தி வினோதா ஓடிவந்து அதன்மேல் குந்திவிட்டாள்.

"எழும்பு பிள்ளை."

"எழும்பமாட்டன்."

"உன்ரை மரத்துக்குத்தானே அப்பா கொண்டு வந்தனான்."

"எனக்கு வேண்டாம். கொண்டு போங்கோ."

"ஏனடி? ஊரிலை எல்லாரும் தங்கடை தங்கடை கிணத்திலை இறைக்கினம்தானே?"

"இறைக்கட்டும். நான் இதிலை இருந்து எழும்பமாட்டன்."

"உச்சி வெய்யிலுக்குள்ளை எவ்வளவு நேரம் இருப்பாய்?"

"நீங்கள் போகும்வரைக்கும்."

தகப்பன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தாயின்ரை பிடிவாதம் அப்பிடியே" என்று சொல்லிச் சிரித்தார். அவர் மிசினைத் திரும்பக் கட்டும்போது அவளே கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக் கொடுத்தாள். அவர் போனபிறகு நாவல் பக்கம் போய் ஒவ்வொரு கன்றாகத் தொட்டுக்கொண்டு நடந்தாள். அன்றைக்கு அவளிடம் என்ன கண்டாய் என்று கேட்க ரீச்சர் இல்லை.

மழை வரும்போது நாவல் பக்கம் வெறும் தடிகள்தான் நின்றன. மற்ற இரண்டு பக்கமும் தப்பின. கிணறு மெல்ல மெல்லத் தேறியது. கந்தையா அண்ணை அடிக்கடி வந்து ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். "இன்னும் நாக்கிலை கிடக்கு" என்பார். பிறகு ஒருநாள் ஒன்றும் சொல்லாமல் ஒரு செம்பு முழுவதையும் குடித்துவிட்டுப் போனார்.

போட்டிக்கு முதல் நாள் நான் ரீச்சரிடம் போனேன். அப்படி நானாகப் போய்க் கதைத்தது என் உத்தியோகத்தில் அது ஒருமுறைதான்.

"ரீச்சர், அந்தப் பிள்ளையின்ரை இல்லத்துக்கு ஏதும் கொஞ்சம் போடக் கூடாதோ?"

ரீச்சர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தா. நிமிரவில்லை.

"நானும் எல்லாம் யோசிச்சுப் பார்த்தன் அக்கா. நான் ஏதும் குடுத்தால் அவள் விட்டது விட்டதாகுமோ?"

ரீச்சர் கனநேரம் அந்தக் கயிற்றையே சுருட்டிக்கொண்டு நின்றா.

போட்டியன்று வினோதா ஓடின ஓட்டம் எல்லாவற்றிலும் முதலாவதாக வந்தாள். அப்படியிருந்தும் மரப்புள்ளி கூட்டினபோது மருதம் முன்னுக்குப் போய்விட்டது. கேடயத்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றின மருதப் பிள்ளைகள் நாவல் பக்கம் வந்ததும், "விறகு இல்லம்! விறகு இல்லம்!" என்று கத்தினார்கள்.

"விறகு இல்லாமல் உங்கடை வீட்டிலை எப்பிடியடி சோறு காய்ச்சுறது?" என்று வினோதாவும் திருப்பிக் கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவள் என் தேநீர்க் கொட்டிலுக்குப் பின்னால் வந்து நின்று அழுதாள். தேநீர் கொடுத்தேன், வேண்டாம் என்றாள். வாளியில் இருந்த கிணற்றுத் தண்ணீரை ஒரு பேணியில் தானே கோலிக் குடித்தாள். மூக்கால் வழிய, கண்ணால் வழிய, பேணியைக் கவிழ்த்து முழுக்கக் குடித்துவிட்டு, "அன்ரி, தண்ணி நல்லாயிருக்கு" என்றாள். சொல்லிவிட்டு இன்னும் அதிகமாக அழுதாள். நான் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

அடுத்த வருஷம் ரீச்சர் வன்னிக்கு மாற்றலாகிப் போனா. அங்கேயே நோய் வந்து செத்துப்போனா என்று பிறகு ஆளனுப்பிச் சொன்னார்கள். புதிதாக வந்தவர்கள் மரப்புள்ளியை விட்டுவிட்டார்கள். அலங்காரம் திரும்ப வந்தது. வினோதா கனடாவுக்குப் போய்விட்டாள். அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். நான் வட்டுக்கோட்டையில் மகனோடு இருக்கிறேன். கால் ஏலாது. பின்னேரம் பக்கத்து மைதானத்தில் விசில் கேட்டால் என்னை அறியாமல் எழும்பி வாசல்வரை போகிறேன். அங்கே யாரும் எனக்குத் தெரிந்தவர்கள் இல்லை. ஆனாலும் அந்தச் சத்தம் நிற்கும்வரை திரும்பி உள்ளே வர மனம் வராது.

தைப்பொங்கலுக்கு வினோதா தொலைபேசி எடுப்பாள். சுகம் கேட்பாள், பிறகு ஒவ்வொரு முறையும், "அன்ரி, கிணறு எப்பிடி?" என்பாள். "நல்லம் பிள்ளை" என்று நான் சொல்லுவேன்.

இதில் நான் பிழையாக எழுதியது இருக்கும். கரித்தது ஆடியிலா ஆனியிலா என்று எனக்கு நிச்சயம் இல்லை. முல்லை வேம்பும் மருதம் புங்குமா, மாறியா என்றும் தெரியவில்லை. அந்தக் காலத்தில் ஓடின பிள்ளைகள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். இன்னொன்றும் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு இப்போது குழாய்த் தண்ணீர் வந்துவிட்டதாம், கிணற்றில் யாரும் அள்ளுவதில்லையாம். சுற்றவர வீட்டுக்கு வீடு குழாய்க்கிணறும் அடித்துவிட்டார்களாம். ஒருவர் போய் ஒரு வாளி அள்ளி, ஒரு வாய் குடித்துப் பார்த்து எனக்குச் சொல்ல வேண்டும். எப்படி இருந்தாலும் எனக்கு உள்ளதைச் சொல்லுங்கள். கரித்தால் மட்டும் வினோதாவுக்குச் சொல்ல வேண்டாம்.